பாலிஷ் அக்காவும் பதினெட்டு வளையங்களும்

பாலிஷ் அக்காவுக்கு ஒரு நிமிஷம் சும்மா உக்காரத் தெரியாது. பஸ்ல சீட் கிடைச்சாக்கூட பாதி தூரம் நின்னுக்கிட்டுதான் வருவாங்க. டீ குடிக்கிறப்ப ஒரு கையில டம்ளர் இருக்கும், இன்னொரு கை பாட்டுக்கு மேஜையைத் தொடைச்சுக்கிட்டு இருக்கும். மூக்குக்கண்ணாடியை ஒரு நாளைக்கு முப்பது தடவை கழட்டுவாங்க, ஊதுவாங்க, துணியில தேய்ப்பாங்க, மறுபடி மாட்டுவாங்க. "அக்கா, இப்படியே தேய்ச்சா கண்ணாடிக்கு பவர் குறைஞ்சுடும்"னு லேப்ல யாராவது சீண்டினா, "தேய்ச்சாத்தாண்டா உண்மை தெரியும்"னு பதில் வரும். எத்தனையோ வருஷமா சொல்லிக்கிட்டு இருந்த பதில். அதே பதில் ஒரு நாள் அவங்க கழுத்தைப் பிடிச்சுது.

அவங்க வேலை இரும்பை அமுக்கிப் பாக்குறது. ஒரு மெஷின், அதோட முனையில கடுகை விடச் சின்னதா ஒரு வைரம். இரும்புத் துண்டைக் கீழ வச்சு, வைரத்தை மேல இறக்கி, பாரத்தைக் கொடுத்தா ஒரு குழி விழும். குழி ஆழமா விழுந்தா இரும்பு மெதுசு. ஆழம் கம்மின்னா கெட்டி. மெஷினே நம்பர் காட்டிடும். பால் பேரிங் செய்யுற எஃகுக்கு அறுபதுக்கு மேல வரணும். அறுபத்தொண்ணு வந்துட்டா அக்கா முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, சொந்தப் பிள்ளை பரீட்சையில பாஸான மாதிரி.

அமுக்குறதுக்கு முன்னாடி தேய்க்கணும். முதல்ல முரட்டு உப்புத்தாள், அப்புறம் சன்னமான உப்புத்தாள், அப்புறம் சுத்துற சக்கரத்துல ஈரத்துணி. மத்தவங்க பத்து நிமிஷம் தேய்ப்பாங்க, அக்கா அரை மணி நேரம் தேய்ப்பாங்க. மெஷின்ல ஆடாம உக்காரணும்னு முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் தேய்ப்பாங்க. அவங்க கையில இருந்து வர்ற இரும்பு வளையத்துல மூஞ்சி தெரியும். பக்கத்து ரூம்ல இருந்து குமிழி வந்து அதைப் பாத்துத்தான் தலை சீவுவான். அதனாலதான் பாலிஷ் அக்கான்னு பேரு.

குமிழி யாருன்னு சொல்லணும்னா, முதல்ல சோடியத்தைப் பத்திச் சொல்லணும்.

இந்த லேப் ஒரு ரியாக்டருக்காக வேலை பாக்குது. அந்த ரியாக்டர்ல இருந்து சூட்டை வெளிய கொண்டுவர தண்ணி கிடையாது, உருகின சோடியம்தான் ஓடும். பாக்க வெள்ளியைக் காய்ச்சி ஊத்தின மாதிரி பளபளன்னு இருக்கும், ஆனா உள்ள என்ன இருக்குன்னு துளிகூடத் தெரியாது. காத்து பட்டா பத்திக்கும், தண்ணி பட்டா வெடிக்கும். அப்படிப்பட்ட சோடியத்துக்குள்ள ஒரு பெரிய இயந்திரக் கை இறங்கும். தீந்துபோன எரிபொருள் கம்பிக்கட்டைப் பிடிச்சுத் தூக்கி, புதுசைக் கொண்டுபோய் வைக்கும். கண்ணு தெரியாத ஒருத்தர் அலமாரியில டம்ளர் அடுக்குற மாதிரி. அந்தக் கையோட மூட்டுலதான் பால் பேரிங் இருக்கு, எஃகு வளையத்துக்குள்ள குண்டு குண்டா உருளுற சமாச்சாரம். அதுக்கு எண்ணெய் போட முடியாது, கிரீஸ் போட முடியாது. கொதிக்கிற உலோகத்துல குளிச்சுக்கிட்டே சுத்தணும். நடுவுல அது மாட்டிக்கிச்சுன்னா, கை கம்பிக்கட்டைப் பிடிச்சபடியே அந்தரத்துல நிக்கும். கையை விட்டுச் சரி பண்ண யாராலயும் முடியாது.

அந்தப் பேரிங் தாங்குமான்னு பாக்க, அதே எஃகுல பதினெட்டு வளையம் செஞ்சு ஆறு மாசம் சூடான சோடியத்துல ஊற வச்சாங்க. ஊறி வெளிய வர்ற வளையத்துல ஒட்டியிருக்கிற சோடியத்தை ஆல்கஹால்ல முக்கிக் கழுவுறவன்தான் குமிழி. முக்கினதும் பொங்கிப் பொங்கிக் குமிழியா வரும். குமிழி அடங்குற வரைக்கும் பூனை மாதிரி அசையாம நிப்பான். அவசரப்பட்டு நேராத் தண்ணியில போட்டா வளையமும் இருக்காது, அவன் மீசையும் இருக்காது. முப்பத்தஞ்சு வயசு, கல்யாணமாகி ரெண்டு குழந்தை. லேப்லயே நிதானமான ஆள் அவன், நிதானமே இல்லாத ஆள் அக்கா. அதனாலயோ என்னவோ ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போகும்.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு காலையில முதல் வளையம் குமிழி கையில இருந்து அக்கா கைக்கு வந்துச்சு. கழுவி ஒரு மணி நேரம்கூட ஆகல. சாம்பல் பூசின மாதிரி மங்கலா இருந்துச்சு. அக்கா பக்கத்துலயே கைக்காரர் நின்னாரு. இயந்திரக் கைக்கு இன்ஜினியர் அவர்தான், ஏழு வருஷமா அந்த ஒரு கையோட குடும்பம் நடத்துறவர்.

"அக்கா, ஒரே ஒரு நம்பர் சொல்லிடுங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு."

"தேய்க்கணும் சார்."

"அப்புறம் தேய்ச்சுக்கலாம்க்கா. சும்மா ஒண்ணு."

சரி போகட்டும்னு அக்கா ஒரு துணியால தொடைச்சுட்டு அப்படியே வச்சு அமுக்கினாங்க. ஐம்பத்திமூணு.

கைக்காரர் முகம் செத்துப்போச்சு. "அழுக்கு சார், பயப்படாதீங்க"ன்னு அக்கா வளையத்தை எடுத்துட்டுப் போய், அரை மணி நேரம் தேய்ச்சு, கண்ணாடி மாதிரி கொண்டுவந்து அமுக்கினாங்க. அறுபத்தொண்ணு. மறுபடி அறுபத்தொண்ணு. கைக்காரர் அப்பத்தான் மூச்சு விட்டாரு. நோட்டுல ஐம்பத்திமூணு மேல அக்கா ஒரு கோடு போட்டாங்க. ஏன் அடிச்சோம்னு பக்கத்துல எழுதல. அழுக்கு நம்பருக்கு எதுக்கு விளக்கம்?

மிச்சம் பதினேழும் அப்படித்தான். தேய், அமுக்கு, அறுபத்தொண்ணு. அறிக்கை போச்சு. வர்ற வெள்ளிக்கிழமை கையைச் சோடியத்துக்குள்ள இறக்குறதுன்னு முடிவாச்சு. இறக்கிட்டா வருஷக்கணக்குல வெளிய எடுக்கிற பேச்சே இல்ல.

ஆனா அந்த ஐம்பத்திமூணு அக்காவை விடல. பஸ்ல ஏறினா டிக்கெட்ல அந்த நம்பர் இருக்கான்னு பாப்பாங்க. சமைக்கிறப்ப அடுப்பை அணைச்சோமான்னு நாலு தடவை திரும்பிப் போவாங்க. ராத்திரி பக்கத்துல படுத்திருக்கிற மனுஷன், "கால் ஆட்டாத, கட்டிலே ஊர்ந்து போகுது"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுப்பாரு.

அந்த மனுஷன் பெயின்டர். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவரும் வாழ்நாள் பூரா உப்புத்தாளைப் பிடிச்ச கை. "நம்ம வீட்டுல ரெண்டு பேருக்கும் கைரேகையே இல்ல, திருடப் போனா மாட்டவே மாட்டோம்"னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பாரு.

செவ்வாய்க்கிழமை காலையில வேலைக்குக் கிளம்புற நேரம். அவர் வாசப்படியில உக்காந்து பிரஷ்ஷை உதறிக்கிட்டு இருந்தாரு. அக்கா நின்னுக்கிட்டே டீ குடிச்சாங்க.

"நேத்து ஒரு வீடு போனேன் பாரு. ஒரு சுவர் பூராவும் ஈரத்துல பூத்துக் கிடக்கு. கையை வச்சா மாவா கொட்டுது. வீட்டுக்காரர் என்ன சொல்றாரு, வீட்டை வாங்குறவங்க நாளைக்கு வர்றாங்கப்பா, நல்லாத் தேய்ச்சு ஒரு கோட்டிங் அடிச்சு விடுங்கறாரு."

"தேய்ச்சீங்களா?"

"என் வேலை அதுதான. தேய்ச்சேன். தேய்ச்சு முடிச்சுத் தட்டிப் பாக்குறேன், கல்லு மாதிரி இருக்கு. எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு, அட, நல்ல சுவர்தான் போலிருக்கேன்னு." தலையை ஒரு தட்டு தட்டினாரு. வெள்ளைத் தூள் பறந்துச்சு. "அப்புறம் பாத்தா கெட்டுப்போன சுவர் பூரா என் தலையில உக்காந்திருக்கு."

அக்கா கையில டம்ளர் அப்படியே நின்னுச்சு.

"என்ன சொன்னீங்க?"

"தலையில இருக்குன்னேன். ஏன், குளிக்கணுமா?"

அக்கா கண்ணுக்கு முன்னாடி சுத்துற சக்கரத்துக்குக் கீழ இருக்கிற தட்டு வந்துச்சு. சாயங்காலம் சாயங்காலம் கழுவி விடுவாங்களே, கறுப்பு கறுப்பா சேறு, அது. பதினெட்டு வளையத்துல இருந்து வந்த சேறு. அதுல என்ன இருந்துச்சு?

டம்ளரை வச்சுட்டுச் செருப்பை மாட்டினாங்க. "சாப்பாட்டு டப்பா"ன்னு அவர் கத்தினது காதுல விழல.

பஸ் சிக்னல் சிக்னலா நின்னுச்சு. ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்க ஆரம்பிச்சாங்க. பஸ்ஸை முந்தினாங்க, அப்புறம் பஸ் அவங்களை முந்துச்சு, மறுபடி அவங்க முந்தினாங்க. கண்டக்டர் படியில நின்னு, "அதுக்கு உள்ளயே இருந்திருக்கலாமேம்மா"ன்னாரு.

நடக்க நடக்க ஒரு பழைய நாள் வந்து ஒட்டிக்கிச்சு. அது எப்பவும் வரும். பஸ்ல நிக்கிறவங்க முழங்கையைப் பாக்குறப்ப எல்லாம் வரும்.

அக்காவுக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. தொழிற்பயிற்சி முடிச்ச கையோட ஒரு போல்ட் கம்பெனியில வேலை. அங்கயும் இதே அமுக்குற வேலைதான். உலையில வெந்து வர்ற போல்ட்டுக்கு மேல்தோல் எப்பவும் மெதுசா இருக்கும். அதைத் தேய்ச்சு எடுத்துட்டு உள்ள இருக்கிற கெட்டியைத்தான் பாக்கணும். அதுதான் அங்க விதி. சேந்த மூணாவது வாரம் ஒரு பீப்பாய் போல்ட் வந்துச்சு. அவசரத்துல அக்கா தேய்க்காமலே அமுக்கினாங்க. கம்மியா வந்துச்சு. கம்மின்னு எழுதிட்டாங்க. நல்ல போல்ட், ஒரு பீப்பாய், மொத்தமும் உருக்கப் போச்சு. உலையைச் சரியா பாத்துக்கலன்னு உலைக்காரரை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

ரெண்டாவது நாளே அக்காவுக்குப் புரிஞ்சுபோச்சு, தப்பு உலையில இல்ல, தன் கையிலன்னு. வாயைத் திறக்கல. உலைக்காரர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போனதை ஜன்னல் வழியா பாத்தாங்க. வலது முழங்கைக்குக் கீழ அவருக்கு இலை மாதிரி ஒரு தீக்காயத் தழும்பு. அன்னையில இருந்துதான் அக்கா இப்படித் தேய்க்க ஆரம்பிச்சது. உக்கார முடியாமப் போனதும் அன்னையில இருந்துதான். இதை அவங்க யார்கிட்டயும் சொன்னதில்ல, பெயின்டர்கிட்டகூட.

லேப்புக்குள்ள நுழைஞ்சதும் வளையங்கள் இருக்கிற டப்பாவைத் திறந்தாங்க. பதினெட்டும் பளபளன்னு சிரிச்சுது. முன்பக்கம் தேய்ச்சாச்சு. பின்பக்கமும் தேய்ச்சாச்சு. சோடியத்துல ஊறின தோல் எங்கயாவது மிச்சம் இருக்கான்னு தேடினா, வெளி வட்டம் மட்டும்தான் இருக்கு. விளிம்பு. உருண்டையா இருக்கிறதால அங்க யாரும் அமுக்க மாட்டாங்க, அதனால தேய்க்கவும் இல்ல. அது இன்னும் சாம்பல் நிறத்துலயே இருந்துச்சு.

வளையத்தை நிமித்தி உக்கார வைக்க, நடுவுல பள்ளம் வெட்டின ஒரு இரும்புக் கட்டை உண்டு. அலமாரிக்கு அடியில தூசியில கிடந்துச்சு. அதை எடுத்து மெஷின்ல வச்சாங்க. முதல்ல சோடியமே பாக்காத ஒரு புது வளையம். விளிம்புல அமுக்கினாங்க. அறுபது. அப்புறம் ஊறின வளையம்.

ஐம்பத்திரெண்டு.

இன்னொண்ணு. ஐம்பத்திமூணு. இன்னொண்ணு. ஐம்பத்தொண்ணு.

குமிழி கதவுல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். அவனுக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகல. "அப்ப தோல் பூரா போயிருக்கா அக்கா?"

"கார்பனை உருவிடுச்சுடா. எஃகு கெட்டியா இருக்கிறதே கார்பன்லதான். இந்த எஃகுல கார்பன் நிறைய, சுத்தி இருக்கிற பைப்புல கம்மி. கார்பன் நிறைய இருக்கிற இடத்துல இருந்து எடுத்து, கம்மியா இருக்கிற இடத்துக்குச் சோடியம் கொண்டுபோய்க் கொடுக்குது. நம்ம லேப் மேடம் மீட்டிங்ல பத்து தடவை சொல்லியிருக்காங்க. நான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்."

"உள்ள கெட்டியாத்தான இருக்கு. தோல்தான?"

"குண்டு எதுமேல உருளுது? தோல்மேலதான உருளுது. உள்ளயா போய் உருளுது?"

குமிழி மெதுவா, "மேடம்கிட்ட சொல்லப் போறீங்களா?"ன்னான்.

அக்கா கண்ணாடியைக் கழட்டினாங்க. தேய்ச்சாங்க. மாட்டினாங்க. கழட்டினாங்க. வராந்தாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அஞ்சு தடவை நடந்தாங்க. செருப்புச் சத்தம் கேட்டு ஆபீஸ் ரூம்ல இருந்து ஒருத்தர் எட்டிப் பாத்துட்டு, "ஒண்ணுமில்ல, பாலிஷ் அக்காதான்"னு உள்ள போனாரு. ஆறாவது தடவை நடக்கல. மேடம் ரூம் கதவைத் தட்டினாங்க.

மேடம் உலோகம் படிச்சவங்க. அக்காவை விடப் பத்து வயசு சின்னவங்க. அக்கா கொண்டுவந்த நம்பரைப் பாத்ததும் எழுந்துட்டாங்க. போன் போட்டதும் கைக்காரர் ஓடி வந்தாரு. சட்டைப் பையில பேனா மூடி இல்லாம இருந்துச்சு, நீல மை பரவிக்கிட்டு இருந்துச்சு, அவருக்கே தெரியல.

மேடம் ரெண்டு விரலைக் காட்டினாங்க. "ரெண்டு வழியில நடந்திருக்கலாம். ஒண்ணு, சோடியம் உள்ள இருக்கிறப்பவே தோலைக் கெடுத்திருக்கு. அப்படின்னா கையை இறக்கக் கூடாது. இன்னொண்ணு, வெளிய வந்த அப்புறம் கெட்டிருக்கு. கழுவுறப்ப எங்கயாவது சோடியம் மிச்சம் இருந்தா, காத்துல இருக்கிற ஈரம் பட்டுக் காரமா மாறி மேல அரிச்சுடும். மூணு வாரம் டப்பாவுல கிடந்திருக்கு. அரிச்ச இடத்துல நம்பர் கம்மியாத்தான் வரும். அப்படின்னா சோடியம் மேல தப்பில்ல. பேரிங்கும் நல்லாத்தான் இருக்கும்."

"ரெண்டாவதுதான்"னாரு கைக்காரர், மேடம் முடிக்கிறதுக்குள்ள. பிடிச்சுக்க ஒரு கயிறு கிடைச்ச மாதிரி அதைப் பிடிச்சுக்கிட்டாரு. "தேய்ச்ச முகத்துல அறுபத்தொண்ணு வந்திருக்கே. கழுவினதுலதான் கோளாறு. யாரு கழுவினது? குமிழியா? போன மாசம் வீட்டுல குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னு ரெண்டு நாள் சீக்கிரம் போனான்ல? அவசரத்துல கழுவியிருப்பான்."

"நான் அவசரமா கழுவுறதில்ல சார்"னான் குமிழி, கதவுக்கு வெளிய இருந்து. யாரும் அவனைப் பாக்கல.

"குமிழி, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க"ன்னாங்க மேடம். குரல்ல கோபம் இல்ல, ஆனா பேனாவைத் திறந்துட்டாங்க.

அக்காவுக்கு உலைக்காரர் கேட்டைத் தாண்டிப் போனது ஞாபகம் வந்துச்சு. இது வேற ஊர் இல்ல, வேற கம்பெனி இல்ல. அதே ஜன்னல், அதே கேட். இப்ப வாயை மூடிக்கிட்டு நின்னா போதும். யாருக்கும் எந்த நஷ்டமும் தெரியாது. கை வெள்ளிக்கிழமை இறங்கும். கைக்காரர் சிரிப்பாரு. பாலிஷ் அக்காவோட அறுபத்தொண்ணு அறுபத்தொண்ணாவே இருக்கும். குமிழி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போவான், அவ்வளவுதான்.

"இருங்க வர்றேன்"னு சொல்லிட்டு அக்கா வெளிய போனாங்க. போனது ஓட்டம்னுதான் சொல்லணும். திரும்பி வர்றப்ப கையில நோட்டு. மேஜையில விரிச்சு வச்சு, அந்தக் கோட்டுமேல விரலை வச்சாங்க.

"ஐம்பத்திமூணு மேடம். முதல் வளையம். கழுவி ஒரு மணி நேரத்துல எடுத்தது. இதோ நேரம் போட்டிருக்கேன். தேய்க்காம, அரைகுறையா தொடைச்சுட்டு அமுக்கினேன். டப்பாவுல கிடந்து கெட்டது இல்ல இது. கெட்டுப்போய்த்தான் வந்திருக்கு. நான்தான் அழுக்குன்னு அடிச்சேன். ஏன் அடிச்சேன்னும் எழுதல. மிச்ச பதினேழையும் தேய்ச்சே எடுத்துட்டேன். அவன் ஒழுங்காத்தான் கழுவினான். அவன் மேல போடாதீங்க."

மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் படிச்சாங்க.

"பதினெட்டு தடவை"ன்னாரு கைக்காரர். "பதினெட்டு தடவை அறுபத்தொண்ணு அறுபத்தொண்ணுன்னு சொன்னீங்களேக்கா. ஒரு தடவையாவது சந்தேகம் வந்திருக்கக் கூடாதா?"

"முதல் தடவையே வந்துச்சு சார். கோடு போட்டுட்டேன்."

அவர் நோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அடிச்ச நம்பர், பக்கத்துல நேரம். அவர் அன்னைக்கு எங்க நின்னாருன்னு அவருக்கே ஞாபகம் வந்திருக்கணும். நாற்காலியை இழுத்து உக்காந்தாரு. "சும்மா ஒண்ணுன்னு நான்தான கேட்டேன்"னாரு, யாருக்கோ சொல்ற மாதிரி.

மேடம் பேனாவை மூடினாங்க. "ஒரு வளையத்தை வெட்டுவோம். வாய் வார்த்தையில வேணாம்."

வளையத்தைக் குறுக்கால வெட்டி, வெட்டின பக்கத்தைச் சரி பண்ணி, இன்னும் சின்ன வைரம் இருக்கிற வேற மெஷின்ல விளிம்புல இருந்து உள்ள வரைக்கும் வரிசையா அமுக்கினாங்க. தோல் எங்கயும் போகாது, ஓரமா அப்படியே நிக்கும். அன்னைக்கு மத்தியானம் பூரா அதுக்கே போச்சு. மேடம் கண்ணை மைக்ராஸ்கோப்ல வச்சு ரொம்ப நேரம் எடுக்கல. அப்புறம் நகந்து, "அக்கா, நீங்க பாருங்க"ன்னாங்க.

அக்கா பாத்தாங்க. ஈர மண்ணுல ஒரு குழந்தை நடந்துபோன மாதிரி குழி குழியா ஒரு வரிசை. ஓரத்துல குழி பெருசு. உள்ள போகப் போகச் சின்னது, இன்னும் சின்னது, அப்புறம் ஒரே அளவு. மெதுசுல இருந்து கெட்டிக்கு. ஒரு தலைமுடி கனம்தான் இருக்கும் அந்த மெதுசான தோல். அரை மணி நேரம் தேய்ச்சா முழுசா வந்துடுற கனம். காரம் அரிச்ச மாதிரி சொத்தை எதுவும் இல்ல, விளிம்பு வழுவழுன்னு இருந்துச்சு. குமிழி கழுவினது சுத்தம். அக்காவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கண்ணாடியைத் தேய்க்கிற சாக்குல தொடைச்சுக்கிட்டாங்க. என்ன இருந்தாலும் அழகா இருந்துச்சு அந்த வரிசை. இத்தனை வருஷத்துல மெதுசான தோலை அவங்க பாத்ததே இல்ல, சேறாத்தான் பாத்திருக்காங்க.

கைக்காரர் வராந்தாவுக்குப் போய்ப் போன் பேசினாரு. ஜன்னல் வழியா பாதி கேட்டுச்சு. "இறங்கல. வெள்ளிக்கிழமை இல்ல. ஆமா, கையோட மூட்டைத் திரும்பக் கழட்டணும். எஃகையே மாத்த வேண்டி வரலாம். ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்." போனை வச்சுட்டு ரொம்ப நேரம் சட்டைப் பையில இருந்த மையையே பாத்துக்கிட்டு நின்னாரு.

அக்காவுக்கு ஒரு மெமோ வந்துச்சு. அளவை அடிச்சதுக்கும், காரணம் எழுதாததுக்கும். விளக்கம் கேட்டிருந்தாங்க. மேடமும் தன் பங்குக்கு ஒரு காகிதம் எழுதினாங்க. செய்முறைத் தாள்ல மேல்பரப்பைச் சுத்தம் செய்யவும்னு எழுதினது தான்தான்னும், எவ்வளவு சுத்தம்னு எழுதாம விட்டதும் தான்தான்னும். அக்கா அவங்க விளக்கத்தை நாலு வரியில எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆனா எழுதி முடிச்சும் கை நிக்கல. காகிதத்தோட ஓரத்தை நகத்தால தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. குமிழி டீ கொண்டுவந்து வச்சான்.

"அக்கா, இனிமே எப்படித் தலை சீவுறது நான்?"

"பாக்கெட் கண்ணாடி வாங்கு."

"உங்களுக்குப் புதுப் பேரு வச்சாச்சு. ஐம்பத்திமூணு அக்கா."

"வயசைச் சொல்ற மாதிரி இருக்குடா, எனக்கு நாப்பத்திநாலுதான்."

அவன் சிரிச்சான். போகப் போனவன் நின்னு, "நான் ஒழுங்காத்தான் கழுவுவேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"ன்னு கேட்டான். அக்கா தலையை மட்டும் ஆட்டினாங்க.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கை இறங்கல. அக்கா வீட்டுக்கு வர்ற வழியில பஸ்ல சீட் கிடைச்சுது, உக்காந்தாங்க. ரெண்டு ஸ்டாப் தாண்டினதும் எழுந்து நின்னாங்க. கம்பியைப் பிடிச்சிருந்த முழங்கைகளை எல்லாம் வரிசையா பாத்தாங்க. எதுலயும் இலைத் தழும்பு இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில பெயின்டர் பாய்ல படுத்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாரு. அக்கா புடவை மாத்தி, பையை எடுத்துக்கிட்டு வந்து நின்னாங்க.

"எங்க கிளம்பிட்ட?"

"பழைய போல்ட் கம்பெனிக்கு. வாட்ச்மேன் ரூம்ல யாராவது பழைய ஆள் இருப்பாங்க. அங்க உலை பாத்த ஒருத்தர் இருந்தாரு. அவர் வீடு எங்கன்னு கேக்கணும்."

"யாரு அவர்? எப்ப வேலை பாத்தாரு?"

"இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் ரேடியோவை அணைச்சாரு. அவங்க முகத்தைப் பாத்தாரு. "கண்டுபிடிச்சா போய் என்ன சொல்லுவ?"

"தெரியல. போற வழியில எல்லாத்தையும் சொல்றேன்." அக்கா அவர் செருப்பைக் காலாலயே அவர் பக்கம் தள்ளி விட்டாங்க. "எழுந்திரிங்க, எனக்கு நிக்க முடியல."